ஜேன் ஆஸ்டினின் கடலூர் அத்தை

ஜேன் ஆஸ்டினின் சொந்த அத்தை, அதாவது அவருடைய அப்பா ஜார்ஜ் ஆஸ்டினின் கூடப்பிறந்த அக்கா, நம்ம கடலூரில் குடித்தனம் நடத்தியவர் என்று சொன்னால் உள்ளூர்க்காரர்களே நம்புவதில்லை. ஓ.டி. என்கிற முதுநகரில் இருக்கிற நண்பரிடம் சொன்னேன். "யோவ், அந்தம்மா எழுதினதெல்லாம் இங்கிலீஷ்காரன் வீட்டுக் கல்யாணக் கதையாச்சே. அதுக்கும் ஓ.டி.க்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார்.

கல்யாணம்தான் சம்பந்தம். 1753 பிப்ரவரி 22ஆம் தேதி, கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) செயின்ட் டேவிட் கோட்டை டாக்டர் டைசோ சால் ஹேன்காக்குக்கும் ஃபிலடெல்ஃபியா ஆஸ்டினுக்கும் கடலூரில் திருமணம் நடந்தது. பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு. மாப்பிள்ளை முப்பதை ஒட்டியவர். பெண் கப்பலிலிருந்து இறங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை.

ஆஸ்டின் ஆய்வாளர்களுக்கு இது பழைய சங்கதி. டெய்ர்ட்ரி லெ ஃபே என்ற அம்மையார் இந்தக் குடும்பத்துக் காகிதங்களைத் துருவுவதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். ஆனால் அவர்கள் எல்லோரும் இந்தக் கதையை நாவலாசிரியரின் பக்கமிருந்து பார்த்தார்கள். கடலூர்க் கெடில ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. இந்தப் பெண்ணைக் கடலூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தவை உயில்கள். மற்றவர்கள் எழுதின உயில்கள், எழுதாமல் விட்ட உயில்கள். பிறகு இங்கிருந்து போன வாழ்க்கை எப்படி முடிந்தது என்று தெரிவதும் இன்னொரு உயிலில்தான்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. தேவனாம்பட்டினத்தில் இருந்த இந்தக் கோட்டையை 1690இல் மராட்டியரிடமிருந்து கும்பினிக்காக விலைக்கு வாங்கியவர் எலிஹு யேல், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆள். கோட்டையோடு, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள நிலமும் விலையில் சேர்த்தி. நாலு திசையிலும் சுட்டுப் பார்த்து எல்லை வைத்தார்கள். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் கும்பினியின் தலைமையிடம் இங்கே மாறி, 1752 ஏப்ரல் வரை இங்கேயே இருந்தது. ஆறு வருஷம் கடலூர்தான் சென்னை மாகாணத்துக்குத் தலைநகர். நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் இதற்கு அரை வரி ஒதுக்கியிருப்பார்கள். அதுவும் ராபர்ட் கிளைவுக்காக.

இனி கென்ட் மாவட்டத்துக்குப் போவோம். தெற்கு இங்கிலாந்து. கம்பளி வியாபாரத்தில் பணம் பார்த்த ஆஸ்டின் குடும்பம். 1704இல் ஜான் ஆஸ்டின் என்பவர் கடனை வைத்துவிட்டு இளம் வயதில் செத்துப்போனார். மனைவி எலிசபெத் வெல்லருக்கு ஒரு பெண், ஆறு பையன்கள். அடுத்த வருஷமே மாமனாரும் போய்விட்டார். அவர் உயிலைப் பிரித்துப் பார்த்தால், சொத்தில் பெரும்பகுதி மூத்த பேரனுக்கு. மற்ற பிள்ளைகளுக்குப் பெயருக்கு ஏதோ. கடனை அடைக்க உதவுகிறேன் என்று கிழவர் வாயால் சொன்னது காகிதத்தில் ஏறவில்லை, ஆகவே அதுவும் போயிற்று.

எலிசபெத் அழுதுகொண்டு உட்காரவில்லை. வீட்டுச் சாமான்களை விற்றுக் கடனை அடைத்தார். செவனோக்ஸ் ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வீட்டுக்குக் குடித்தனப் பொறுப்பாளராக வேலைக்குப் போனார். சம்பளத்தைவிட, பையன்களுக்குப் படிப்பு கிடைக்கும் என்பதுதான் கணக்கு. நடந்ததையெல்லாம் தன் பிள்ளைகள் பின்னால் படித்துப் பார்க்கட்டும் என்று எழுதியும் வைத்தார். வரவு செலவு, யார் என்ன சொன்னார்கள், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிகள் எத்தனையோ பேர் இதையேதான் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதி வைக்க அவர்களுக்குக் காகிதமும் இல்லை, எழுத்தும் சொல்லித்தரவில்லை.

அந்த ஆறு பையன்களில் ஒருவர் வில்லியம். படித்து டாக்டரானார். மூன்று குழந்தைகள் பிழைத்தன: ஃபிலடெல்ஃபியா, ஜார்ஜ், லியோனோரா. பிறகு மனைவி இறந்தார். சூசன்னா கெல்க் என்பவரை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்டார். 1737இல் வில்லியமும் இறந்தார். முதல் கல்யாணக் காலத்தில் எழுதின உயிலை, இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகு மாற்றி எழுதவே இல்லை. அதனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை எதுவும் சித்திக்குச் சட்டப்படி வரவில்லை. சித்தியும் அதற்கு மேல் எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தைகள் உறவினர் வீடுகளுக்குப் பிரிந்தார்கள்.

ஜார்ஜ் பையன், கெட்டிக்காரன். ஆக்ஸ்ஃபோர்டு வரைக்கும் போய்ப் பாதிரியாரானார். ஃபிலடெல்ஃபியாவை 1745 மே மாதம் லண்டன் கோவென்ட் கார்டனில் ஹெஸ்டர் கோல் என்ற பெண்மணியின் தொப்பிக் கடையில் வேலை பழக விட்டார்கள். அதற்குக் கட்டின தொகை 45 பவுன். பதினைந்து வயசு. லேஸ் தைப்பது, ரிப்பன் வைப்பது, தொப்பி கட்டுவது. அந்த வட்டாரத்துத் தொப்பிக் கடைப் பெண்கள் என்றால் அந்தக் காலத்து லண்டனில் ஒரு மாதிரியாகப் பேசுவார்கள். சீதனம் இல்லாத, அப்பா அம்மா இல்லாத, கடையில் தைக்கிற பெண்ணுக்கு இங்கிலாந்தில் நல்ல வரன் வருவது கஷ்டம்.

அப்போதுதான் செயின்ட் டேவிட் கோட்டை வருகிறது. ஹேன்காக்கின் இங்கிலாந்துச் சொத்து விவகாரங்களைப் பார்த்துக்கொண்ட வக்கீல் வேறு யாருமல்ல, ஃபிலடெல்ஃபியாவின் பெரியப்பா பிரான்சிஸ் ஆஸ்டின். இந்த வரனை முடித்து வைத்தது அவர்தான் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கட்சிக்காரருக்கு மனைவி வேண்டும், வீட்டில் ஒரு அநாதைப் பெண் இருக்கிறாள். ஒரே காகிதத்தில் இரண்டு காரியம். கும்பினிக்கு மனுப் போட்டு, ஜாமீன் காட்டி, 1752 ஜனவரி 18 அன்று 'பாம்பே காசில்' கப்பலில் ஏறினார். ஆகஸ்ட் 4ஆம் தேதி சென்னை. அந்த ஆகஸ்ட் வெயிலில் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரையேறின தொப்பிக் கடைப் பெண், அடுத்த பிப்ரவரியில் கடலூர் டாக்டரம்மா.

அதே வாரத்தில், அதே பிப்ரவரி 18 அன்று, சென்னை செயின்ட் மேரி தேவாலயத்தில் ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கெலினைக் கைப்பிடித்தார். அந்தக் கல்யாணத்தைப் பற்றி எத்தனை புத்தகம், எத்தனை வழிகாட்டிப் பலகை! நாலு நாள் கழித்துக் கடலூரில் நடந்ததற்கு மிஞ்சியது ஒரு வரி.

கடலூரில் இருந்த ஆறேழு வருஷத்துக்குள் ஃபிலடெல்ஃபியா எத்தனையோ பார்த்திருக்க வேண்டும். 1756இல் கிளைவ் இங்கே துணை கவர்னராக வந்து சேர்ந்தார். கல்கத்தா போய்விட்டது என்ற செய்தி கிடைத்ததும் கிளம்பிவிட்டார். சின்னக் குடியிருப்பு, வெள்ளைக்காரப் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவு, ஆகையால் ஹேன்காக் வீட்டாருக்கு அவர் அறிமுகமாகாமல் இருந்திருக்க முடியாது. 1758 ஜூன் 2 அன்று லாலியின் பிரெஞ்சுப் படையிடம் கோட்டை விழுந்தது. லாலி அதை இடித்துத் தள்ளினார். இன்றைக்கு தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச்சுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் நிற்கிற செங்கல் மிச்சத்தைக் கவனிப்பதேயில்லை. 1759இல் ஹேன்காக் குடும்பம் வங்காளம் போய்விட்டது.

இங்கே ஒரு சின்ன விலகல். இந்த மாதிரி ஆட்களின் வாழ்க்கையைத் தேடுகிறவர்களுக்குக் கும்பினி செய்து வைத்த மிகப் பெரிய உதவி, செத்தவர்களின் கணக்கை ஒழுங்காக எழுதினதுதான். 1726 சாசனத்தின்படி சென்னையில் மேயர் கோர்ட் வந்தது. மேயரும் ஒன்பது ஆல்டர்மேன்களும். சட்டம் படித்தவர்கள் கிடையாது, எல்லாம் வியாபாரிகள். ஆனால் உயிலை மெய்ப்பித்துப் புரோபேட் கொடுப்பது, உயில் இல்லாவிட்டால் நிர்வாகப் பத்திரம் கொடுப்பது, இரண்டும் அவர்கள் கையில். 1746இல் சென்னை விழுந்தபோது அந்தக் கோர்ட்டும் கூடவே விழுந்தது. 1753 ஜனவரியில் புதுச் சாசனம் வந்து மறுபடி எழுந்தது. ஃபிலடெல்ஃபியா கல்யாணம் பண்ணிக்கொண்ட அதே வருஷம்.

ஒரு வெள்ளைக்காரர் செத்தால் என்ன நடக்கும்? வீட்டுச் சாமானை ஒன்று விடாமல் பட்டியல் போடுவார்கள். ஊருக்குத் திரும்பிப் போகிற கப்பலில் கட்டிலும் பல்லக்கும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஆகவே எல்லாவற்றையும் பகிரங்க ஏலம். ஒரு பக்கம் பொருள், அடுத்து எடுத்தவர் பெயர், அடுத்து விலை. விலை மூன்று பத்தியில் இருக்கும்: வராகன், பணம், காசு. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். பழைய பொய்முடி, பஞ்ச் கிண்ணம், கத்தி, சீட்டித் துணி, பாதி காலியான ஒயின் பெட்டி. எடுத்தவர்கள் பட்டியலில் நேற்று வரை அவரோடு சாப்பிட்ட சிநேகிதர்கள் இருப்பார்கள். நடுவில் நம் ஊர்த் துபாஷி (மொழிபெயர்ப்புத் தரகர்) ஒருவரின் பெயரும் கோணல் எழுத்தில் வரும். ஒரு வீட்டுக்குள் நுழைந்து அறை அறையாக நடந்துபோகிற மாதிரியான காகிதம் அது. எந்த நாட்குறிப்பும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசாது. ஆள் தன்னைப் பற்றி நல்லதாக எழுதிக்கொள்ள அதில் வழி கிடையாது, பாருங்கள்.

எலிஹு யேல் இந்த விஷயத்தில் ஓர் உதாரணம். அவ்வளவு வைரம் வாங்கி விற்ற மனுஷன், 1721இல் லண்டனில் செத்தபோது செல்லுபடியாகிற உயில் இல்லை. கிடைத்த வரைவில் மனைவிக்கு எழுத வேண்டிய இடத்தில் ஒரு வசவை எழுதிவிட்டுத் தொகையை எழுதாமல் வெற்றிடமாக விட்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. கடலூர்க் கோட்டைக்கு அவ்வளவு கச்சிதமாகக் கிரயப் பத்திரம் எழுதத் தெரிந்தவருக்கு வீட்டுக் காகிதம் எழுத வரவில்லை.

ஹேன்காக்குக்கு எழுத வந்தது. வைத்துவிட்டுப் போகத்தான் ஒன்றும் இல்லை.

கல்கத்தாவில் கும்பினி அதிகாரி வாரன் ஹேஸ்டிங்ஸோடு கூட்டு வியாபாரம்: உப்பு, மரம், கம்பளம், அபின். கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தையில்லாமல் இருந்து, 1761 டிசம்பரில் ஒரு பெண் பிறந்தது, எலிசா. ஹேஸ்டிங்ஸ் ஞானத்தகப்பன். ஊர் வாய் சும்மா இருக்குமா? குழந்தை யாருடையது என்று பேச்சு எழுந்தது. லண்டனில் இருந்த தன் மனைவிக்குக் கிளைவே எழுதுகிறார், ஹேன்காக் மனைவியோடு பழகாதே என்று. இன்றைக்கு வரை இந்த வம்பை எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்கு அந்த வம்பில் பெரிய அக்கறை இல்லை. அதை நிரூபிக்கிற காகிதமும் இல்லை. உறுதியாக இருக்கிற காகிதம் வேறு: ஹேஸ்டிங்ஸ் எலிசாவின் பேரில் முதலில் 5,000 பவுன் அளவுக்கும், 1775இல் அதை இரட்டிப்பாக்கி 10,000 பவுனுக்கும் டிரஸ்ட் எழுதிக்கொடுத்தார். டிரஸ்டிகள் இருவர்: ஹேஸ்டிங்ஸின் மைத்துனர் உட்மன், எலிசாவின் மாமா ஜார்ஜ் ஆஸ்டின். ஜேனின் அப்பா.

1765இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. லண்டனில் வாழ்ந்த வாழ்க்கைக்குக் கொண்டுபோன பணம் போதவில்லை. 1768இல் ஹேன்காக் மட்டும் மறுபடி கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். அதற்குப் பிறகு புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துக்கொள்ளவே இல்லை. அந்தக் காலத்தில் அவர் எழுதின கடிதங்களின் நகல்கள் ஹேஸ்டிங்ஸின் காகிதங்களோடு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. துபாயிலிருந்து வீட்டுக்கு எழுதுகிற கடிதம் மாதிரியே இருக்கும். உடம்பு சரியில்லை, வியாபாரம் படுத்துவிட்டது, பணம் அனுப்புகிறேன் என்றுதான் பேச்சு. கூடவே ஒரு பார்சல்: மாங்காய், எலுமிச்சை, மிளகாய், கடுகுக் காசுந்தி, அத்தர். லண்டனில் உட்கார்ந்துகொண்டு ஃபிலடெல்ஃபியா ஊறுகாய் கேட்டிருக்கிறார், கவனியுங்கள்! அந்த நாக்கு எந்த ஊரில் பழகினது என்று கடலூர்க்காரர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு தடவை, எலிசாவை அழைத்துக்கொண்டு நானே இந்தியாவுக்கு வந்துவிடட்டுமா என்று ஃபிலடெல்ஃபியா கேட்டார். ஹேன்காக் பதறிப்போய் மறுத்தார். பதினாலு வயசுப் பெண் கப்பலிலிருந்து இறங்கினால் ஊரிலுள்ள ஒவ்வொரு பகட்டுக்காரன் கண்ணும் அவள் மேல்தான் இருக்கும் என்பது பதிலின் சாரம். அதே கப்பல் வழியாக வந்த பெண்ணைத்தான் இவர் கட்டிக்கொண்டார். இந்தக் கடிதத்தைப் படித்தபோது ஃபிலடெல்ஃபியாவின் முகம் எப்படிப் போயிருக்கும்!

1775 நவம்பர் 5 அன்று ஹேன்காக் கல்கத்தாவில் இறந்தார். நாற்பத்தொரு நாள் கழித்து, டிசம்பர் 16 அன்று, ஹாம்ப்ஷயரில் ஜேன் பிறந்தார். உயிலில் மகளுக்கு ஒரு பொருளை எழுதியிருந்தார்: ஸ்மார்ட் என்ற ஓவியர் வரைந்த ஃபிலடெல்ஃபியாவின் குட்டிப் படம், வைரம் பதித்த மோதிரத்தில் பொருத்தினது. இதை ஒருபோதும் கைவிடாதே, உன் அம்மாவின் உருவத்தை மட்டுமல்ல, குணத்தையும் இது நினைவுபடுத்தட்டும் என்று காரணமும் சொல்லியிருந்தார். ஊர்ப்பேச்சு முழுக்கக் காதில் விழுந்த ஒரு மனுஷன், கோர்ட்டில் படிக்கப்போகிற காகிதத்தில் மனைவியின் நற்குணத்தைப் பற்றி ஏன் அப்படி எழுதினார்? அது பதில் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றபடி சொத்து, கடனுக்கே பற்றாக்குறை. முப்பது வருஷ இந்திய வாழ்க்கையின் மிச்சம் ஒரு மோதிரம். தாயும் மகளும் பிழைத்தது ஹேஸ்டிங்ஸின் டிரஸ்ட் வட்டியில்.

இந்தக் காகிதங்களில் எனக்குத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிற பெயர் ஒன்று உண்டு. கிளாரிண்டா. ஹேன்காக் வீட்டில் இருந்த இந்தியப் பணிப்பெண்களில் ஒருவர். 1765இல் இவரையும் லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கிளாரிண்டா என்பது எஜமானர்கள் வைத்த பெயர், அப்பா அம்மா வைத்தது வேறாக இருக்கும். வங்காளத்து உயில்களை வைத்துக்கொண்டு துர்பா கோஷ் 2006இல் ஒரு புத்தகம் எழுதினார். வெள்ளைக்காரர்களின் உயில்களில் வந்துபோகிற இந்தியப் பெண்கள் பற்றியது. அவர்களுக்குப் பெரும்பாலும் பாதிப் பெயர்தான் இருக்கிறது, ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. ஒரு தொகை, அல்லது ஒரு நகை, அல்லது விடுதலை. அவ்வளவோடு காகிதத்தைவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். ஃபிலடெல்ஃபியா ஏழை அநாதையாக இருந்தும் அவருக்கு ஞானஸ்நானத் தேதி முதல் கல்லறை வரை நம்மால் சொல்ல முடிகிறது: 1730 மே முதல் 1792 பிப்ரவரி 26 வரை, ஹாம்ப்ஸ்டெட். கிளாரிண்டாவுக்கு ஒரு தேதிகூட இல்லை.

எலிசா பிரெஞ்சுப் பிரபு ஒருவரைக் கட்டிக்கொண்டார். அவரை 1794 பிப்ரவரி 22 அன்று பாரிஸில் கில்லட்டினில் வைத்துத் தலையை வெட்டினார்கள். தேதியைப் பாருங்கள். மாமனார் மாமியாருக்குக் கடலூரில் கல்யாணமான அதே தேதி. பிறகு 1797இல் எலிசா தன் மாமன் மகனையே, ஜேனின் அண்ணன் ஹென்றியையே கட்டிக்கொண்டார். நம் ஊர் முறைப்படி பார்த்தாலும் சரியான முறை! எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஆசீர்வாதம் பண்ணியிருப்பார்கள்.

ஜேனின் எழுத்தில் இந்தக் காகித வாடை இல்லாத இடமே இல்லை. பதினாறு பதினேழு வயசில் எழுதின 'கேத்தரின்' கதையில், அநாதைப் பெண் ஒருத்தியைக் கல்யாணத்துக்காக வங்காளத்துக்குக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள். போன இடத்தில் வசதி உண்டு, சந்தோஷம் இல்லை. 'சென்ஸ் அண்டு சென்சிபிலிட்டி' ஒரு கிழவரின் உயிலோடுதான் தொடங்குகிறது. சொத்து ஒரு சின்னப் பையனுக்குப் போய்விட, அம்மாவும் பெண்களும் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். பாட்டனாரின் தாய் எலிசபெத் வெல்லருக்கு நடந்தது அந்தக் குடும்பத்தில் மறக்கிற விஷயமா என்ன? ஜேன் 1817 ஏப்ரல் 27 அன்று தன் கைப்படவே உயில் எழுதினார். சாட்சிக் கையெழுத்து வாங்கவில்லை. அவர் ஜூலையில் இறந்ததும், இது அவர் கையெழுத்துதான் என்று தெரிந்தவர்கள் இருவர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. எல்லாம் அக்கா கசாண்ட்ராவுக்கு. விலக்காக இரண்டே இரண்டு: அண்ணன் ஹென்றிக்கு 50 பவுன், மேடம் பிஜோன் என்பவருக்கு 50 பவுன். இந்த மேடம் பிஜோன் யார் தெரியுமா? எலிசாவின் வீட்டைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுப் பணிப்பெண். கடலூர் டாக்டரம்மாவின் மகள் வீட்டு வேலைக்காரம்மாவுக்கு ஜேன் ஆஸ்டின் உயிலில் பங்கு. ஆண்கள் எழுதின உயில்களில் விட்டுப்போனதையெல்லாம் இந்தப் பெண் ஒரே ஒரு வரியில் சரிக்கட்டப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றும்.

இனி நம் பக்கத்து உயில் ஒன்று. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் ஏறினால், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அந்த வழியெல்லாம் கும்பினியின் போர்க்களம். 1781 ஜூன் 18 அன்று ஐதர் அலியின் ஆட்கள் காவல் இருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கி, கும்பினித் தளபதி அயர் கூட் தோற்றுத் திரும்பினார். இரண்டு வாரத்தில், ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டையில் ஈடுகட்டிக்கொண்டார். ஆனால் சிதம்பரத்தை நான் இங்கே இழுப்பது போருக்காக அல்ல. கிழக்குக் கோபுரத்தில் ஒருவர் சிலையாகக் கைகூப்பி நிற்கிறார், பச்சையப்ப முதலியார்.

அவரும் கும்பினிப் பணத்தில் வளர்ந்தவர்தான். 1754இல் பிறந்தவர், பிறக்கும் முன்பே தகப்பனை இழந்தவர், துபாஷி. பல்லக்கு ஏலத்தில் கோணல் எழுத்தில் பெயர் வருமே, அந்த வர்க்கம். தஞ்சாவூர் ராஜ்யத்து விவகாரங்களில் வெள்ளைக்காரர்களுக்குக் கைகொடுத்து லட்சக்கணக்கில் சேர்த்தார். நாற்பது வயசில், 1794இல், உயில் எழுதிவிட்டு இறந்தார். காசி முதல் குமரி வரை கோயில்களில் பூசைக்கும் அன்னதானத்துக்கும் சொத்தை எழுதினார். சிதம்பரம் அதில் பெரிய பங்கு பெற்றது, கிழக்குக் கோபுரத் திருப்பணியும் அவர் பெயரில்தான் நிற்கிறது. பிறகு வழக்கம்போல் உறவுக்காரர்கள் சண்டை, நிர்வாகிகள் சண்டை, சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வருஷக்கணக்கில் வழக்கு. வழக்கு நடக்க நடக்க வட்டி ஏறிக்கொண்டே போயிற்று. தர்மத்துக்குச் செலவானது போக மிஞ்சின பணத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் காலத்தில் கிடைத்த பதில்தான் பள்ளிக்கூடங்கள். 1842இல் சென்னை கறுப்பர் நகரத்தில் முதல் பள்ளி. சிதம்பரத்தில் இன்றும் நடக்கிற பச்சையப்பன் பள்ளியும் அந்த வழிதான். அவர் உயிலில் பள்ளிக்கூடம் என்ற பேச்சே இல்லை.

ஹேன்காக் பக்கம் ஆயிரம் புத்தகம் இருக்கிறது. பச்சையப்பர் விஷயத்தில் உயில், வழக்கு, டிரஸ்ட் கணக்கு எல்லாம் இருந்தும், அந்த மனுஷன் கும்பினி அதிகாரிகளோடு எப்படிப் பேசினார், எந்தக் கடனை எவரிடம் வசூலித்தார் என்று பொதுமக்கள் படிக்கிற மாதிரி நல்ல தமிழில் எழுத இன்னும் ஆள் வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. வரலாற்றுத் துறை மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் யோசியுங்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மேயர் கோர்ட் காகிதங்களும் செயின்ட் டேவிட் கோட்டை நடவடிக்கைக் குறிப்புகளும் இருக்கின்றன. குறிப்புகளில் கொஞ்சம் அச்சிலேயே உண்டு. இங்கிலாந்துப் பக்கத்து உயில்களுக்கு, கேன்டர்பரி நீதிமன்றத்தின் 1858 வரையிலான உயில் பதிவேடுகளை லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. தேடும்போது நம் ஊர்ப் பெயர்களை அவர்கள் வாயில் நுழைந்த மாதிரி எழுதியிருப்பார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தேவனாம்பட்டினம் 'தெக்னாபட்டம்' என்றுதான் கிடைக்கும். கல்லறைகளுக்கு 1905இல் ஜே.ஜே. காட்டன் போட்ட மதராஸ் கல்வெட்டுப் பட்டியல் இன்றும் கைகொடுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்ற சட்டம் வெகு காலம் இந்துக்களுக்குச் சென்னை, பம்பாய் நகர எல்லைகளுக்குள்ளும் வங்காளத்திலும் மட்டும்தான் இருந்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் நம் தாத்தா பாட்டி எழுதின உயில்கள் எந்தக் கோர்ட்டுக்கும் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டதற்குப் பெரிய காரணம் அதுதான். அவற்றில் பலவற்றுக்கு வேறு நகல் எங்கேயும் இல்லை. பரணில், டிரங்குப் பெட்டியில், பழைய முத்திரைத்தாளில், சில வீடுகளில் ஓலையிலும் அவை இருக்கின்றன. பாகப்பிரிவினை முடிந்துவிட்டது, இனி எதற்கு என்று வீடு மாற்றும்போது எடைக்குப் போட்டுவிடுகிறோம். போடுவதற்கு முன் போனில் படமாவது எடுத்து வையுங்கள். எழுத்துப் புரியாவிட்டால் ஊர்ப் பெரியவர் யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த அத்தைக்கு என்ன எழுதினார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று உங்களுக்கே தெரியவரும்.